கடைமடைக்கும் நீர்

நுழையும்முன்

குழந்தைகளுக்கென இயற்றப்பட்ட சட்டங்களும் வகுக்கப்பட்ட திட்டங்களும் நம் நாட்டில் பல உள்ளன. அவை ஏட்டில் இருப்பது ஒன்று. உரிய குழந்தையைச் சென்று சேர்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடப்பது எவ்வாறு? பொருநை பாயும் நெல்லைச் சீமையின் பட்டறிவைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

அணைக்கட்டும் கால்வாயும்

பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் சமவெளியைத் தொடும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரையில் எட்டு அணைக்கட்டுகள் அதன் குறுக்கே அமைந்துள்ளன. ஆறு நிறைய நீர் ஓடினாலும் வயல் தானாக நனைந்துவிடுவதில்லை. அணைக்கட்டு நீரைத் திருப்ப வேண்டும்; கால்வாய் அதைச் சுமந்து செல்ல வேண்டும்; மடை திறக்கப்பட வேண்டும். கால்வாயில் ஓரிடத்தில் மண் மேடிட்டாலும் தலைமடைக்காரர் அதை உணரமாட்டார். முதலில் வாடுவது கடைமடைப் பயிர். ஆகவேதான் ஊர் கூடிக் கால்வாயைத் தூர்வாரும் குடிமராமத்தை நம் முன்னோர் கடமையாகக் கொண்டிருந்தனர்.

குழந்தை நலனும் இத்தகையதே. அரசின் நிதி, சட்டத்தின் பாதுகாப்பு, பள்ளி, மருத்துவமனை, நூலகம் ஆகிய அனைத்தும் ஆற்றுநீரைப் போன்றவை. அவை கடைசிக் குழந்தையைச் சென்றடைந்தனவா என்பதைக் கொண்டே ஒரு சமூகத்தை மதிப்பிட வேண்டும். நம் மாநிலத்தில் வளங்கள் அறவே இல்லாமல் இல்லை. கால்வாய்களில்தாம் அடைப்பு நேர்ந்திருக்கிறது. அந்த அடைப்பை நீக்குவதில் பதினாறு வயது மாணவருக்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சோறும் பள்ளியும்

சேரன்மகாதேவியை அடுத்த ஓர் இரயில்வே கடவில் காமராசரின் வாகனம் நின்றதாகவும், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைப் பார்த்து, “ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?” என்று அவர் கேட்டதாகவும், “பள்ளிக்கூடம் போனால் சோறு கிடைக்குமா?” என்று அச்சிறுவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு செய்தி நெல்லைப் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவ்வுரையாடல் சொல்லுக்குச் சொல் அப்படியே நிகழ்ந்ததா என்பதைவிட, அச்சிறுவனின் வினாவில் உள்ள நியாயம் முதன்மையானது. வயிறு காய்ந்திருக்கும்போது எழுத்து மனத்தில் பதியாது.

அந்நியாயத்தைத் தமிழகம் முன்னரே உணரத் தொடங்கியிருந்தது. 1920ஆம் ஆண்டில் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்கு உணவு வழங்கியது. 1956ஆம் ஆண்டில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கி வைத்தார். 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. பின்னர் அது பத்தாம் வகுப்பு வரை விரிந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

நூறாண்டுக்கும் மேற்பட்ட இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஏழைக் குழந்தைக்கு இரக்கத்தால் இடப்பட்ட பிடிச்சோறு, காலப்போக்கில் பள்ளிக்கு வரும் குழந்தையின் உரிமையாக மாறியது. ஈவோர் மனம் மாறினால் ஈகை நின்றுபோகும். உரிமை அவ்வாறன்று, கிடைக்காதபோது அதைக் கேட்டுப் பெறலாம். ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் உயிர்க்கருத்தும் இதுவே. இந்தியா 1992ஆம் ஆண்டில் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

பீடித்தட்டும் புத்தகமும்

பசிக்கு அடுத்ததாகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து இழுக்கும் கை, உழைப்பின் கை. தாமிரபரணிக் கரையூர்களின் தெருக்களில் நடந்தால், திண்ணைகளிலும் வீட்டு முற்றங்களிலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களைக் காணலாம். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் எனப் பல ஊர்களில் குடும்பத்தின் அன்றாடச் செலவைத் தாங்குவது அத்தட்டுதான். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படும். எண்ணிக்கை குறைந்தால் கூலியும் குறையும். எனவே தாயின் அருகில் இலை வெட்டித் தரவும் நூல் கட்டித் தரவும் ஒரு சிறு கை தேவைப்படுகிறது. பெரும்பாலும் அக்கை மகளுடையதாகவே இருக்கிறது. வடக்கே கோவில்பட்டி, சிவகாசி வட்டாரங்களில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் ஒருகாலத்தில் எண்ணற்ற சிறு விரல்களை நம்பியிருந்தன.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறைவடையாதவரை எத்தொழிலிலும் அமர்த்துதல் குற்றம்; 14 முதல் 18 வயது வரையுள்ள வளரிளம் பருவத்தினரை ஆபத்தான தொழில்களில் அமர்த்துதலும் குற்றம். 1988ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், பணியிலிருந்து மீட்கப்பட்ட சிறார்களைச் சிறப்புப் பயிற்சி மையங்களின் வழியாகப் பள்ளிக்குக் கொண்டு சேர்க்க முயன்றது. பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென நல நிதியிலிருந்து கல்வி உதவித்தொகையும் வழங்கப்படுகிறது.

“பெற்றோருக்கு உதவுவது பிள்ளையின் கடமையல்லவா?” என்று கேட்போர் உளர். கடமைதான். ஆனால் மாலையில் அரைமணி நேரம் கைகொடுப்பதற்கும், மறுநாள் பாடத்தைத் தொடவே நேரமின்றி நள்ளிரவு வரை குனிந்திருப்பதற்கும் வேறுபாடு உண்டு. புகையிலைத் தூளின் நெடியைச் சுவாசித்து வளரும் நுரையீரலுக்குக் கடமை என்னும் சொல் மருந்தாகாது. இங்குத் தாயைக் குற்றவாளியாக்கிப் பயனில்லை. அவருடைய உழைப்புக்கு நியாயமான கூலி கிடைத்திருந்தால் மகளின் விரல்கள் தேவைப்பட்டிரா. எனவே குழந்தை உழைப்பை ஒழிப்பதற்கான முதற்படி, பெற்றோரின் கூலியை உயர்த்துவதே ஆகும். தொழிற்சாலையின் வாயிலைச் சட்டத்தால் தட்ட முடியும். வீட்டுத் திண்ணையில் நிகழ்வதை அறிய, அவ்வீட்டை அறிந்த ஆசிரியரும் அண்டை வீட்டாரும் வேண்டும்.

கையில் கட்டிய கயிறு

பசியையும் உழைப்பையும் வென்று பள்ளிக்குள் நுழைந்துவிட்ட குழந்தை பாதுகாப்பாக இருக்கிறதா? இவ்வினாவை நெல்லை மாவட்டம் கனத்த மனத்துடன் எதிர்கொள்ள நேர்ந்தது. 2023ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், தம் வீட்டிலேயே அரிவாளால் தாக்கப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். தாக்கியவர்கள் அவருடன் பயின்ற மாணவர்கள். தமக்கு நேர்ந்த கொடுமையைப் பள்ளியில் தெரிவித்த பின்னரே அம்மாணவர் தாக்கப்பட்டார் என்பது நாம் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

அந்நிகழ்வில் பசி இல்லை. கட்டடம், கரும்பலகை, பாடநூல், சீருடை ஆகிய எதற்கும் குறையில்லை. வறுமை நீங்கினால் அனைத்தும் தானே சீராகும் என்ற எண்ணம் முழு உண்மையாகாது என்பதை அது காட்டியது. ஒரே சீருடை அணிந்த பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறத்தால் ஒருவரையொருவர் பிரித்தறிந்தனர். எவருடன் அமர்வது, எவருடன் உண்பது, எவருடன் பகைப்பது என்பதை அந்நிறமே முடிவு செய்தது. பாடநூல் கற்பிக்காத ஒன்றைத் தெருவும் கைப்பேசியும் கற்பித்திருந்தன.

இந்நிகழ்வைத் தொடர்ந்து, கல்வி நிலையங்களில் சாதி வேற்றுமையைக் களைவதற்கான வழிகளைக் கூறுமாறு ஓய்வுபெற்ற நீதியரசர் கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அவருடைய அறிக்கை அளிக்கப்பட்டது. சாதியைக் குறிக்கும் கயிறு, மோதிரம் முதலியவற்றை மாணவர் அணியக் கூடாது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் இடம்பெறக் கூடாது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி தெரியக் கூடாது. அகர வரிசைப்படி மாணவரை அமர வைக்க வேண்டும். மாணவர் மிகுதியாக உள்ள பள்ளிகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில.

“கயிறு கட்டுவது அவரவர் நம்பிக்கை, அதில் பிறர் தலையிடலாமா?” என்ற வினா எழலாம். குலதெய்வக் கோயிலில் தாய் கட்டிவிட்ட கயிறு எவரையும் இழிவுபடுத்துவதில்லை என்பது மெய்யே. ஆனால் ஒரு வகுப்பறையே நிறங்களால் பிரிந்து அமரத் தொடங்கியபின் கயிறு வெறும் நம்பிக்கையாக நிற்பதில்லை; அது வேலியாகிவிடுகிறது. மற்றொருவரின் அச்சத்துக்குக் காரணமாகும் அடையாளத்தைப் பள்ளி வாயிலில் நீக்கிவிடுவதால் நம் நம்பிக்கை குறைவதில்லை. விதியால் கயிற்றை அறுக்கலாம். மனத்திலுள்ள முடிச்சை அவிழ்க்க நட்பு வேண்டும். அகர வரிசை அருகில் அமர்த்தியவரோடு பேசத் தொடங்குவதே அம்முடிச்சை அவிழ்க்கும் முதல் விரலசைவு.

பதினாறு வயதின் இடைவெளி

மாணவர்களே, உங்கள் வயதைப் பற்றிய ஓர் உண்மையை இங்கு நோக்குங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பதினொன்றாம் வகுப்பின் வாசலில் கால் வைக்கும்போது இவ்விரண்டும் உங்களுக்குப் பின்னே நின்றுவிடுகின்றன. வேலைக்குப் போ என்னும் குரல், திருமணம் பேசலாம் என்னும் குரல், நம்மவர் பக்கம் நில் என்னும் குரல் ஆகியன வலுவாகக் கேட்கத் தொடங்குவதும் இவ்வயதில்தான். எந்தப் பருவத்தில் துணை மிகுதியாகத் தேவையோ அந்தப் பருவத்தில் துணை மெலிகிறது. மேல்நிலை மாணவர்களுக்கும் பள்ளியில் உணவு வேண்டும் என்பதும், ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர் நிலையாக இருக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

எனினும் இருப்பவற்றை மறத்தல் தகாது. சிறார் நீதிச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. பதினொன்றாம் வகுப்பில் வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டி, பேருந்து வராத ஊர்ப் பெண்களையும் மேல்நிலைப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்துள்ளது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் ‘புதுமைப்பெண்’ திட்டமும், மாணவருக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் மாதம் 1000 ரூபாய் வழங்குகின்றன. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உள்ளது. பள்ளிப் படிப்புக்குப்பின் என்ன என்ற வினாவுக்கு ‘நான் முதல்வன்’ திட்டம் வழிகாட்டுகிறது.

கொக்கிரகுளத்து ஆற்றங்கரையில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகமும் விளையாட்டரங்கமும் உள்ளன. அதே பாளையங்கோட்டையில்தான், பார்வையற்ற குழந்தைகளுக்காக ஆஸ்க்வித் அம்மையாரும், செவித்திறன் குன்றிய குழந்தைகளுக்காக ஃபிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையாரும் 1890களில் பள்ளிகளைத் தொடங்கினர். சிறப்புத் தேவையுடைய குழந்தைக்குக் கல்வி எதற்கு என்று கருதப்பட்ட காலத்தில், அக்குழந்தையும் கற்கும் என நம்பியவர்கள் இம்மண்ணில் உழைத்தனர். பொருநைக் கரைக்கு அப்பள்ளிகள் விட்டுச்சென்ற மரபு, எந்தக் குழந்தையையும் கைவிடாமை என்பதாகும்.

சொல்வதற்கு ஓர் ஆள்

வளங்கள் பல இருந்தும் துன்புறும் குழந்தை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. காரணம் எளிது. சொன்னால் நம்புவார்களா என்ற ஐயம். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற நாணம். பழிவாங்குவார்களோ என்ற அச்சம். கால்வாயில் மண் மேடிட்டிருக்கும் இடம் இதுவே.

இம்மூன்றுக்கும் சட்டம் விடை தருகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது தண்டனைக்குரியது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று அச்சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் தடுக்கின்றன. மாணவரை அடித்தலும் மனம் புண்படத் துன்புறுத்தலும் கல்வி உரிமைச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைக்காகக் குழந்தைகள் நலக் குழு இயங்குகிறது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட அக்குழுவில் பெண் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். ஆதரவின்றி மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் அக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும்.

ஆயினும் எந்தக் குழந்தையும் சட்டப் பிரிவிடம் சென்று அழுவதில்லை; மனிதரிடமே அழுகிறது. ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும், கேட்டவுடன் கடிந்துகொள்ளாமல், கேட்டதை ஊராருக்குப் பரப்பாமல், கேட்டபின் வாளாவிராமல் செயல்படும் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் தமிழாசிரியராகவோ உடற்கல்வி ஆசிரியராகவோ சத்துணவு அமைப்பாளராகவோ இருக்கலாம். பதவி பொருட்டன்று, நம்பகம்தான் பொருட்டு. புகார் செய்த குழந்தையைப் பாதுகாக்கும் ஏற்பாடு இல்லாமல் புகார்ப் பெட்டியை மட்டும் சுவரில் மாட்டுவது, மடையைக் கட்டிவிட்டுக் கால்வாயை வெட்டாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

1098 – குழந்தைகள் உதவி எண். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். குழந்தையே அழைக்கலாம், குழந்தைக்காகப் பிறரும் அழைக்கலாம்.

14417 – பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். கல்வி வழிகாட்டுதல், பள்ளி தொடர்பான குறைகள் ஆகியவற்றுக்கு உரியது.

14416 – மனநல ஆலோசனைக்கான தேசிய உதவி எண்.

181 – பெண்களுக்கான உதவி எண்.

பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறையும் முன் திருமணம் செய்வித்தல், 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம்.

மடை திறப்போர்

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். பீடி சுற்றும் தாயும் அக்குழுவில் அமரலாம். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றும், இடைநின்ற பெண்ணை ஏன் தேடவில்லை என்றும் கேட்கலாம். அவ்வாறு கேட்கும் பெற்றோர் பெருகிய ஊரில் திட்டங்கள் ஏட்டோடு நிற்பதில்லை.

பெற்றோரும் ஆசிரியரும் காணாதவற்றை மாணவராகிய நீங்கள் காண்கிறீர்கள். பத்து நாளாகக் காலியாக இருக்கும் இருக்கை உங்கள் அருகில் இருக்கிறது. கைகளில் வெட்டுக்காயங்களும் கண்களில் உறக்கமின்மையும் உடைய தோழியை முதலில் அறிபவர் நீங்கள். ஒருவரை இழிபெயரிட்டு அழைக்கும்போது சிரித்தவர் யார், சிரிக்காதவர் யார் என்பதும் உங்களுக்கே தெரியும். அந்தச் சிரிப்பில் பங்குகொள்ளாமை சிறு செயல்தான். ஆனால், தான் தனியாக இல்லை என்று அவமதிக்கப்பட்டவர் உணர அது போதும். இடைநின்ற தோழியைப் பற்றி ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆசிரியரிடம் சொல்ல இயலாதபோது 1098ஐ அழையுங்கள். உதவி கேட்பது கோழைத்தனமன்று, காட்டிக்கொடுத்தலுமன்று.

ஒரு தலைமுறையின் பசியைத் தீர்க்க இம்மண்ணில் பலர் கூடி உழைத்தனர். அடுத்த தலைமுறையின் அச்சத்தைத் தீர்க்கும் பணி இன்னும் முடியவில்லை. அது சட்டமன்றத்திலும் அலுவலகத்திலும் மட்டும் நடைபெறும் பணியன்று. பள்ளியின் ஒவ்வோர் இருக்கையிலும் நடைபெற வேண்டியது. பொருநையின் நீர் கடைமடையைத் தொடும் நாளில்தான் தலைமடைக்காரரும் நிறைவாக அறுவடை செய்ததாகக் கருத முடியும். உங்கள் வகுப்பின் கடைமடை எங்கே இருக்கிறது என்பதை அறிந்து, அங்கு நீர் சேர வழி செய்யுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் படிப்பைப் பாதியில் நிறுத்திய மாணவர்களின் காரணங்களை ஆசிரியர் துணையுடன் அறிந்து, அவர்களுடைய பெயர்களைக் குறிப்பிடாமல் தொகுத்து எழுதுக.

2. “குழந்தை நலம் என்பது ஈகையா, உரிமையா?” என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இன்றியமையாத் தேவை என நீங்கள் கருதும் ஓர் உதவியைக் குறிப்பிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுக.